தையற்காரர் தீட்டிய ஊர்

ஓவியங்கள் பல திறத்தன. தெய்வங்களையும் வேந்தர்களையும் காட்டுவன சில. போர்க்களத்தையும் கடற்புயலையும் காட்டுவன சில. இவற்றை எழுதியோர் பெரும்பாலும் அக்கலையை ஆசிரியரிடம் முறையாகப் பயின்றவர். செல்வரின் ஆதரவைப் பெற்றவர். ஒரு சிற்றூரின் தெருவையும், அத்தெருவில் விறகு அறுப்பாரையும், கோழிக்குத் தீனி இறைப்பாரையும் ஆறடி அகலக் கித்தானில் எழுதிவைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அத்தகையோர்க்கு எளிதில் தோன்றுவதன்று. அமெரிக்க நாட்டில் அவ்வாறு எண்ணிய ஒருவர் இருந்தார். அவர் இளமையிற் பயின்ற தொழில் ஓவியம் அன்று. தையலும் சாயமும் ஆகும். பிரான்சிஸ் கய் என்பது அவர் பெயர். 1819, 1820 ஆகிய ஆண்டுகளில் அவர் தீட்டிய 'புரூக்ளினில் ஒரு பனிக்காலக் காட்சி' என்னும் ஓவியம் நியூயார்க் மாநகரின் ஒரு பகுதியாகிய புரூக்ளினில், அங்குள்ள அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றுள்ளது.

தமிழிற் பனி என்னும் சொல் பெரும்பாலும் புல்நுனியில் துளிக்கும் நீரையே உணர்த்தும். இவ்வோவியம் காட்டும் பனி அதுவன்று. வடபுலங்களில் குளிர் மிகும்போது மேகத்து நீர் வானத்திலேயே உறைந்து, பஞ்சுத் துகள்போல் வீழ்ந்து, கூரையையும் வேலியையும் தெருவையும் மூடிவிடும். இதனை ஈண்டு வெண்பனி என்போம். அது வீழ்ந்து கிடக்கும் நாள்களில் உழவு இல்லை. வண்டிச் சக்கரங்கள் எளிதிற் செல்லா. சறுக்கு வண்டிகளே செல்லும். அடுப்பெரிக்க விறகு இல்லாத வீட்டில் உயிர்வாழ்தல் அரிது. ஆகவே, அந்நாடுகளிற் பனிக்காலம் என்பது கண்ணுக்கு அழகிய காட்சி மட்டுமன்று. ஏழை எளியவர்க்கு அஃது ஒரு சோதனைக் காலமும் ஆகும்.

கய் வாழ்ந்த காலத்தைக் கலை வரலாற்றார் புனைவியற் காலம் என்பர். ஐரோப்பிய ஓவியர்கள் இயற்கையின் பேராற்றலையும் தனிமையின் ஆழத்தையும் தேடிய காலம் அது. செர்மானிய ஓவியராகிய காஸ்பர் தாவீது பிரீட்ரிக் 1809, 1810 ஆகிய ஆண்டுகளில் எழுதிய புகழ்பெற்ற படம் ஒன்றில், இலையுதிர்ந்த ஓக் மரங்களுக்கிடையே இடிந்த மடம் ஒன்று நிற்கும். பனியின்மேல் துறவியர் சிலர் ஒரு பிணப்பெட்டியைச் சுமந்து செல்வர். ஆங்கில ஓவியராகிய டர்னர் 1812-ஆம் ஆண்டு காட்சிக்கு வைத்த ஒரு படத்தில், அனிபால் என்னும் படைத்தலைவனின் சேனை ஆல்ப்ஸ் மலையிற் பனிப்புயலுக்குட் சிக்கி, மனிதர் எறும்பினும் சிறியராய்த் தோன்றுவர். அவ்விருவர் கையிலும் பனி என்பது சாவையோ மனிதனின் சிறுமையையோ நினைவூட்டும் பொருளாயிற்று. கய் எழுதிய பனி அத்தகையதன்று. அது காலடிகள் பதிந்த பனி. விறகு சிதறிய பனி. நாய்கள் ஓடியாடும் பனி. புனைவியற் காலத்தில் வாழ்ந்தும் கய் தம் உள்ளத்தை எழுதவில்லை. தம் அண்டை அயலாரை எழுதினார்.

இவர் 1760-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வடபுறத்து ஏரி நாட்டிற் பிறந்தவர். பின்னர் இலண்டன் சென்று பட்டுத் துணிகளுக்குச் சாயம் ஏற்றும் தொழிலை நடத்தினார். கடன்பட்ட நிலையில் 1795-ஆம் ஆண்டு கடல் கடந்து அமெரிக்காவை அடைந்தார். புதிய நாட்டிலும் சாயத் தொழிலையே முதலில் மேற்கொண்டார். ஆயினும் ஓவியத்தின்மேற் கொண்ட விருப்பம் அவரை விடவில்லை. 1797-ஆம் ஆண்டையொட்டி நியூயார்க் நகரின் வாணிகர் கூடும் டான்டைன் காப்பி மாளிகையையும், அதனைச் சூழ்ந்த தெருக்களையும், கப்பற் பாய்மரங்களையும், சரக்கு மிடாக்களையும் ஒரு படமாக எழுதினார். நகரின் பழந்தோற்றத்தை அறிய விரும்புவோர் இன்றும் அப்படத்தை நாடுகின்றனர். வந்து இரண்டே ஆண்டான ஒரு சாயக்காரர் எழுதியது அது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அதன்பின் அவர் பால்டிமோர் நகருக்குச் சென்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார். அந்நகரில் அவரை அறிந்திருந்தவர் ரெம்பிராண்ட் பீல் என்னும் ஓவியர். பீல் ஓவியக் குடும்பத்திற் பிறந்தவர், ஐரோப்பாவிற்சென்று பயின்றவர். அவர் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் கய்யைப் பற்றிய செய்தி வருகின்றது. படம் வரைய அறியாத ஒரு தையற்காரர், வேலையின்றி இருந்தபோது துணிந்து ஓவியராகிவிட்டார் என்று பீல் சற்றே நகைத்துக் கூறுகின்றார். எனினும், அத்துணிவுக்குத் துணைநின்ற சூழ்ச்சியை அவர் மறைக்காமல் விளக்கியிருப்பது பாராட்டத்தக்கது.

அச்சூழ்ச்சி வருமாறு: கய் ஒரு கூடாரத்தைச் செய்துகொண்டார். வேண்டிய இடத்திற் கொண்டுசென்று அடிக்கத்தக்க கூடாரம் அது. அதன் ஒரு பக்கத்தில், தாம் எழுத எண்ணிய படத்தின் அளவிற்கே ஒரு சாளரம் விட்டார். அச்சாளரத்திற் சட்டம் பொருத்தி, அதில் கருநிறச் சல்லாத் துணியை இறுகக் கட்டினார். துணி மெல்லியதாதலின், அதனூடே வெளிக்காட்சி தெரியும். துணிக்குச் சிறிது தொலைவில், கண்ணை வைத்துப் பார்ப்பதற்கு ஒரு குறியிடம் அமைத்தார். அக்குறியிடத்தினின்றும் கண்ணை அகற்றாது, துணியின்மேல் தோன்றும் வீடு, மரம், வேலி ஆகியவற்றின் விளிம்புகளைச் சுண்ணக்கட்டியால் அவ்வாறே வரைந்தார். பின்னர் அத்துணியைக் கித்தானின்மேல் பொருத்திப் புறங்கையால் அழுத்தினால், சுண்ணக் கோடுகள் கித்தானிற் படியும். அக்கோடுகளின்மேல், காட்சியை நேரே நோக்கியவாறே வண்ணம் தீட்டுவார்.

இது கலைஞர்க்கு இழுக்கு என்று எண்ணுவார் உளர். அவ்வாறு எண்ணுதல் பொருந்தாது. தொலைவில் உள்ள பொருள் சிறிதாகவும் அண்மையில் உள்ளது பெரிதாகவும் தோன்றும் முறையைக் கணக்கால் அறிவது ஒரு வழி. பல்லாண்டுப் பயிற்சியால் அறிவது மற்றொரு வழி. இரண்டிற்கும் வாய்ப்பில்லாத ஒருவர், தம் தொழிலிற் கைவந்த பொருளாகிய துணியைக்கொண்டே மூன்றாவது வழியைக் கண்டார். ஒரு மெல்லிய துணியின் குணத்தைத் தையற்காரரினும் சாயக்காரரினும் நன்கு அறிந்தவர் யாவர்? இருதொழிலும் ஒருங்கே பயின்றவர்க்குச் சொல்லவும் வேண்டுமோ! மேலும், சல்லாத் துணி கோட்டைத் தருமேயன்றி வண்ணத்தைத் தாராது. எதனை எழுதுவது, எதனை விடுவது என்று கூறாது. அவை கண்ணுக்கும் கைக்கும் உரியன. நாளாக ஆக அவர் கண் விரைந்து தேர்ச்சி பெற்றது என்பதைப் பீலும் ஒப்புக்கொள்கின்றார்.

இவ்வாறு எழுதிய பெரிய படங்களைக் கய் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். குலுக்கற் சீட்டு முறையில் விற்றார். அந்நகரில் ஓவியம் வாங்குவோர் சிலரே. ஆதலின், பலர் சிறுதொகை செலுத்தி ஒருவர் படத்தைப் பெறும் இம்முறை அவர்க்குக் கைகொடுத்தது. இதனைக் கண்டு மனம் பொறாதவரும் இருந்தனர். 1807-ஆம் ஆண்டிற் பால்டிமோரில் வெளிவந்த ஒரு வார இதழ், வில்லியம் குரூம்பிரிட்ஜ் என்னும் பயிற்சிபெற்ற ஓவியரோடு கய்யை ஒப்பிட்டு எழுதியது. உண்மைக் கலைஞர் வறுமையில் வாட, தையற்காரர் ஒருவர் ஓவியர் என்று பெயர்பெறுவதா என இரங்கி, அவர் தம் பழைய தொழிலுக்கே திரும்புதல் நன்று என்னும் கருத்துப்பட அறிவுரை கூறியது. தொழிலைச் சுட்டி மனிதனை இகழ்வது எந்நாட்டிற்கும் புதியதன்று. கய் திரும்பவில்லை; தொடர்ந்து எழுதினார்.

ஏறத்தாழ 1817-ஆம் ஆண்டில், ஐம்பத்தேழு வயதினராய்க் கய் மீண்டும் புரூக்ளினை அடைந்தார். இன்று பல்லடுக்கு மாளிகைகளும் நெருங்கிய தெருக்களும் உடைய அவ்விடம் அன்று ஆற்றங்கரை ஊர். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் குடியேறி, தம் நாட்டு ஊர் ஒன்றின் பெயரால் அதனை அழைத்தனர். அப்பெயரே திரிந்து புரூக்ளின் ஆயிற்று. ஊருக்கும் நியூயார்க் நகருக்கும் இடையே ஓடுவது கிழக்காறு என்னும் கடற்கால். 1814-ஆம் ஆண்டில் இராபர்ட் புல்டனின் நீராவிப் படகு அதனைக் கடந்து செல்லத் தொடங்கியது. அதற்குமுன், துடுப்பையும் பாயையும் குதிரைகளின் ஆற்றலையும் நம்பியிருந்த பயணம் அது; காற்று மாறினும் பனிக்கட்டி மிதந்து வரினும் பெருந்துன்பம். நீராவிப் படகு வந்தபின் ஊர் விரைந்து வளர்ந்தது. 1816-ஆம் ஆண்டில் அது சிற்றூராட்சி பெற்றது. 1820-ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுற்றுப்புறங்களையும் சேர்த்து அங்கு வாழ்ந்தவர் ஏறத்தாழ 7,000 பேர்.

கய் குடியிருந்த இல்லம் பிரண்ட் தெருவில் 11-ஆம் எண் வீடு. அவ்வீட்டின் மேல்மாடிச் சாளரத்தில் நின்று நோக்கினால் அவ்வூரின் நெருக்கமான பகுதி ஒன்று தெரியும். இப்போது அவருக்குக் கூடாரம் தேவைப்படவில்லை. வீட்டுச் சாளரமே கூடாரச் சாளரம் ஆயிற்று.

ஓவியத்தின் உயரம் ஏறத்தாழ ஐந்தடி. அகலம் ஆறடிக்குச் சற்று மிகுதி. அதன் மேற்பகுதி முழுவதும் மங்கிய பனிக்கால வானம். கீழே, படத்தின் குறுக்கே வரிசையாக மரப்பலகை வீடுகளும், களஞ்சியங்களும், தொழுவங்களும் நிற்கின்றன. ஒன்றோடொன்று ஒவ்வாத உயரமும் சாய்வும் உடைய கூரைகள், அவற்றின்மேற் பனிப்போர்வை. புகைபோக்கிகள் எழுந்து நிற்கின்றன. இலையற்ற மரங்களின் கிளைகள் வானத்தின்மேல் மெல்லிய கோடுகளாகத் தெரிகின்றன. வீடுகளுக்கு முன்னே அகன்ற வெளி. அதுவே தெருக்கள் கூடும் இடம். அந்த வெளியில்தான் ஊர் இருக்கின்றது.

ஆம், வீடுகளினும் மக்களே படத்தில் மிகுதியான வேலையைச் செய்கின்றனர். ஒருவர் மரம் அறுக்கின்றார்; ஒருவர் சுமை தூக்கிச் செல்கின்றார். ஒருவர் தம் களஞ்சியத்தின்முன் நின்று கோழிகளுக்குத் தீனி இறைக்கின்றார். குதிரை பூட்டிய வண்டிகளும் சறுக்கு வண்டியும் தெருவில் உள்ளன. மாடுகள் நிற்கின்றன, நாய்கள் திரிகின்றன. சிலர் கைகளைப் பையில் இட்டவாறு உரையாடி நிற்கின்றனர். குளிர்நாளில் வேலையற்று நின்று பேசுவோர் இல்லாத ஊர் உண்டோ! ஒருவர் வழுக்கும் பனியிற் கால் தவறி வீழ்ந்துகிடக்கின்றார். படத்தின் நடுவில் நிற்கும் தலைவர் யார் என்று தேடினால், அத்தகையவர் ஒருவரும் இலர். கண் ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் சென்றுகொண்டே இருக்கும்; பனிநாளில் மாடியில் நின்று தெருவைப் பார்ப்பவரின் கண் அவ்வாறுதான் செல்லும்.

வெண்பனியை எழுதுதல் எளிதென்று தோன்றும். வெள்ளை வண்ணத்தைப் பூசினாற் போதாதா என்பர். பூசிப் பார்த்தவர் அறிவர். வெறும் வெள்ளை சுவர்போல் நிற்குமேயன்றித் தரையிற் கிடக்காது. பனியின்மேல் ஒளிபடும் இடத்தில் வெதுவெதுப்பான மஞ்சட்சாயலும், நிழல்படும் இடத்தில் நீலமும் சாம்பலும், மிதிபட்ட இடத்திற் பழுப்பும் கலத்தல் வேண்டும். வாழ்நாளிற் பெரும்பகுதியைச் சாயத் தொட்டிகளின் அருகே கழித்தவர்க்கு, ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் எவ்வாறு மாறித் தோன்றும் என்பது புதிய பாடமன்று. வீடுகளின் செம்மையும் பழுப்பும் பனியின் வெண்மையை எடுத்துக்காட்டுகின்றன. பனியின் வெண்மை, அதன்மேல் நடமாடும் சிறிய கருத்த உருவங்களைத் தெளிவாக்குகின்றது. ஒவ்வோர் உருவமும் தனித்தனியே கண்ணிற் படுவதற்குப் பனிக்காலத்தினும் ஏற்ற காலம் வேறில்லை. கய் அவ்வூரின் வேனிற்காலத்தையும் எழுதியதுண்டு. ஆயினும் பனிக்காலப் படமே புகழ் பெற்றது.

படத்திற் குறை இல்லாமல் இல்லை. மனித உருவங்கள் சில, வெட்டியெடுத்து ஒட்டியன போல விறைத்து நிற்கின்றன. உடல் வளைவை எழுதுவதிற் பயிற்சி போதாமை தெரிகின்றது. ஆனால், அவ்விறைப்பிலும் ஒரு சிறப்பு உண்டு. அவை ஏதோ ஒரு மனிதன், ஏதோ ஒரு பெண் என்று கற்பனையாக எழுதப்பட்டவை அல்ல. குறித்த ஒருவரைப் பார்த்து எழுதப்பட்டவை. கய் தம் சாளரத்தருகே இருந்து எழுதும்போது, தாம் எழுத விரும்பிய ஒருவர் தமக்கு உரிய இடத்தில் வரக் கண்டால், அவரைக் கூவி அழைத்து, அசையாது சற்றே நிற்குமாறு கேட்டு, அவர் உருவத்திற்கு உரிய சில கோடுகளை அங்கேயே தீட்டிவிடுவாராம். இச்செய்தி புரூக்ளின் வரலாற்றில் வழங்குகின்றது. மன்னர் தம்மை எழுதுவிக்க நாள்கணக்கில் அமர்ந்திருப்பர். புரூக்ளின் மக்களோ தெருவில், விறகுச் சுமையோடு, ஒரு நொடி நின்றனர்.

ஆகவே படத்தில் உள்ளோரை ஊரார் அடையாளம் கண்டனர். என்றி ஸ்டைல்ஸ் என்பார் 1867 முதல் 1870 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட புரூக்ளின் நகர வரலாற்றில், இவ்வோவியத்தைச் செதுக்குப் படமாக்கி, வீடுகளுக்கும் மனிதர்க்கும் எண்ணிட்டுப் பெயர் கூறியுள்ளார். கோழிக்குத் தீனி இறைப்பவர் ஏபியல் டைட்டஸ். அவரைப்போலவே ஊரார் பலரும் தத்தம் பெயரோடு அங்கு நிற்கின்றனர். நாட்டு வரலாற்றில் இவர்களுக்கு இடமில்லை. இவர்கள் போரை வென்றவர் அல்லர். சட்டம் இயற்றியவர் அல்லர். ஒரு பனிநாளில் தெருவில் இருந்தமையே இவர்தம் பெயர் நிலைத்ததற்குக் காரணம்.

ஆயின், ஈண்டுச் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். படத்தில் உள்ளோர் அனைவர்க்கும் பெயர் கிடைத்ததா? இல்லை. அத்தெருவில் வெள்ளையர் மட்டும் இலர். ஆப்பிரிக்க வழியினரும் உளர். சுமையும் உழைப்பும் உடைய உருவங்களிற் பல அவர்களுடையவை. வெள்ளையர் பலரின் பெயர்களை ஊரின் நினைவு காத்துவைத்தது. கறுப்பினத்தார் பலரின் பெயர்களைக் காக்கவில்லை.

இதன் காரணத்தை அறிய அக்காலத்துச் சட்டத்தை அறிதல் வேண்டும். அடிமைமுறை அமெரிக்காவின் தென்பகுதிக்கு மட்டும் உரியதாயிருந்தது என்று பலர் எண்ணுவர். அது பிழை. புரூக்ளினை உள்ளடக்கிய கிங்ஸ் மாவட்டத்தில், 1790-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் 4,495 பேர். அவருள் அடிமைகள் 1,432 பேர். ஏறத்தாழ மூவருள் ஒருவர்! 1799-ஆம் ஆண்டில் நியூயார்க் அரசு இயற்றிய சட்டம், அவ்வாண்டு சூலை 4-ஆம் நாளுக்குப்பின் பிறக்கும் குழந்தைகளை மட்டுமே விடுதலைக்கு உரியர் ஆக்கியது. அவர்களும் ஆண்மகனாயின் 28 வயது வரையும், பெண்மகளாயின் 25 வயது வரையும் தாயின் உடைமையாளர்க்கு ஊழியம் செய்தல் வேண்டும். முன்னரே பிறந்தவர்க்கு அச்சட்டத்தால் விடுதலை இல்லை. 1817-ஆம் ஆண்டில் வந்த மற்றொரு சட்டம், அவர்களுக்கும் 1827-ஆம் ஆண்டு சூலை 4-ஆம் நாள் விடுதலை என்று நாள் குறித்தது. கய் தம் சாளரத்தில் இருந்து எழுதிய நாள்களில், அவ்விடுதலைக்கு இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் இருந்தன.

ஆதலின், அப்பனித்தெருவில் நடந்த கறுப்பின மக்களுள் உரிமை பெற்றவரும் இருந்திருத்தல் கூடும். விடுதலை நாளை எண்ணிக்கொண்டிருந்தவரும் இருந்திருத்தல் கூடும். எவர் எத்தன்மையர் என்று படம் கூறாது. அவர்கள் வாய்மூடிக் கிடந்தவர்களும் அல்லர். அவ்வூர்க் கறுப்பின மக்கள் தமக்கென ஒரு திருச்சபையை 1818-ஆம் ஆண்டிலேயே சட்டப்படி பதிவுசெய்து நிறுவினர். கய் இவ்வோவியத்தைத் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னர் நிகழ்ந்தது அது. தமக்கென ஒரு கூட்டம், தமக்கென ஒரு தொழுகையிடம், தம் பெயரில் ஒரு பதிவு: இவற்றை உரிமைக்கான முதற்படிகளாக அவர்கள் அமைத்துக்கொண்டிருந்தனர்.

கய் அடிமைமுறையை எதிர்த்து எழுதினார் என்று கூறுவதற்கில்லை. மேரிலாந்துப் பகுதியில், செல்வர் ஒருவரின் பெர்ரி ஹால் என்னும் பண்ணையை அவர் முன்னரே பல படங்களாக எழுதியதுண்டு; அவர் எழுதியதாகக் கருதப்படும் ஒரு படத்தில், அடிமைகளின் குடிசைகளும் வயலில் அவர்கள் பாடுபடுவதும் காணப்படும். பண்ணையின் பெருமையைக் காட்ட எழுதப்பட்ட படங்கள் அவை. புரூக்ளின் ஓவியத்திலும், வழுக்கி வீழ்ந்தவரை நகைப்பிற்காகவே அவர் சேர்த்திருக்கலாம். எனினும் கண்ணிற் பட்டவரை விலக்கிவிடாது எழுதும் இயல்பு அவரிடம் இருந்தது. அவ்வூரின் நடை ஒழுங்குபட்டதாகவும் செல்வம் மிக்கதாகவும் தோன்றவேண்டும் என்று எண்ணியிருப்பின், உழைப்பவரையும் வீழ்ந்தவரையும் அவர் எளிதில் விட்டிருக்கலாம். விடவில்லை. அதனால், பெயர்ப் பட்டியல் மறந்தவர்களை ஓவியம் மறவாது வைத்திருக்கின்றது. அவர்கள் பனியில் அறுத்த விறகினால் வெம்மை பெற்ற வீடுகளும் அதே படத்தில், பெயரோடு நிற்கின்றன.

இவ்வோவியத்தை எழுதி முடித்த கய் நெடுநாள் வாழவில்லை. 1820-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் புரூக்ளினிலேயே காலமானார். அவர் எழுதிய ஊரும் விரைவில் மாறியது. 1834-ஆம் ஆண்டில் புரூக்ளின் நகராட்சி பெற்றது. 1860-ஆம் ஆண்டில் அதன் மக்கள்தொகை இரண்டரை இலட்சத்தைக் கடந்தது. பலகை வீடுகள் மறைந்து செங்கல் மாளிகைகள் எழுந்தன. 1883-ஆம் ஆண்டிற் கிழக்காற்றின்மேல் பெரும்பாலம் திறக்கப்பட்டது. அதன் அணுகுவழிக்குப் பழைய வீடுகளும் தெருக்களும் இடம் விட்டன. 1898-ஆம் ஆண்டில் புரூக்ளின் நியூயார்க் மாநகரோடு இணைந்தது. டைட்டஸ் கோழிக்குத் தீனி இறைத்த இடத்தை இன்று சென்று தேடுவார்க்குப் படத்தைத் தவிர வேறு வழிகாட்டி இல்லை.

ஊர் மாற மாற, படத்தின் மதிப்பு உயர்ந்தது. 1823-ஆம் ஆண்டில் அவ்வூரில் தொழில் பயிலும் இளைஞர்களுக்கென நூல்நிலையம் ஒன்று தோன்றியது; அதுவே வளர்ந்து புரூக்ளின் கழகமாகவும், பின்னர் அருங்காட்சியகமாகவும் ஆயிற்று. ஓவியம் அக்கழகத்தைச் சேர்ந்தது. கவிஞர் வால்ட் விட்மன் தம் நான்காம் வயதிற் பெற்றோருடன் புரூக்ளினுக்குக் குடிவந்து, பிரண்ட் தெருவிலேயே வாழ்ந்தவர். அவர் 1861, 1862 ஆகிய ஆண்டுகளில் செய்தி இதழில் எழுதிய ஊர் வரலாற்றுக் கட்டுரைகளிற் கய்யின் பனிக்காலப் படத்தைக் குறிப்பிட்டிருக்கின்றார். பழைய ஊரினர், படத்தின்முன் நின்று, இது இன்னார் வீடு, இவர் இன்னார் என்று விரல் நீட்டிக் காட்டியதன் பயனே ஸ்டைல்ஸ் தொகுத்த பெயர்க்குறிப்பு என்று கொள்ளலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நேர்ந்த ஒரு தீவிபத்து ஓவியத்தைத் தாக்கியது. இடப்புறத்துப் பகுதி கெட்டுப்போகவே, அதனை வெட்டி நீக்கிவிட்டனர். இன்று அருங்காட்சியகத்திற் காணப்படுவது எஞ்சிய பகுதியே. நீக்கப்பட்ட பகுதியில் இருந்த வீடுகளும் மனிதரும் எவ்வாறு இருந்தனர் என்பதை, தீக்கு முன்னர் செதுக்கப்பட்ட ஸ்டைல்ஸ் நூற்படத்தாலும், கய் இதே காட்சியை வேறு கித்தான்களில் எழுதியிருந்தமையாலும் அறிகின்றோம். ஒரே தெருவை, அதே சாளரத்திலிருந்து, அவர் ஒருமுறைக்கு மேல் எழுதியிருக்கின்றார். ஒன்றில் இருக்கும் மனிதர் மற்றொன்றில் இல்லை; நாய்களும் வண்டிகளும் இடம் மாறியுள்ளன. வீடுகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. மக்கள் மட்டும் அன்றன்று வந்து போகின்றனர்.